வீட்டில் இருந்தால் 322 ரூபாய், அரை நாள் வேலைக்குப் போனால் 230 ரூபாய்

2022 ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்கு மணி அடிக்கக் கொஞ்ச நேரம் இருக்கும்போது, எனக்குப் பக்கத்து மோல்டிங் மெஷினில் நின்ற பெண்ணின் கை அச்சில் மாட்டிக்கொண்டது. புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் பாட்டில் மூடி செய்யும் கம்பெனி அது. பெயர் வேண்டாம், இன்றைக்கும் அங்கேதான் வேலை செய்கிறேன்.

அச்சு இரண்டு பாதியாக இருக்கும். சேர்ந்து மூடும், சூடான பிளாஸ்டிக் உள்ளே பாயும், ஆறியதும் திறக்கும், மூடிகள் கீழே விழும். சில சமயம் ஒன்றிரண்டு ஒட்டிக்கொண்டு நிற்கும், கேட்டைத் திறந்து தட்டிவிட வேண்டும். கேட் திறந்திருக்கும்போது அச்சு மூடக்கூடாது, அதற்கென்று ஒரு லிமிட் ஸ்விட்ச் உண்டு. அந்த மெஷினில் ஸ்விட்சை டேப் போட்டு அழுத்தி ஒட்டியிருந்தார்கள். கேட்டை மூடித் திறக்கும் நேரம் மிச்சமாகும் என்று.

நான்தான் ஓடிப்போய்ச் சிவப்பு பட்டனை அடித்தேன். மெஷின் நின்றது. அச்சும் அப்படியே நின்றுவிட்டது, அவள் கையை உள்ளே வைத்துக்கொண்டு. எமர்ஜென்சி பட்டனை அடித்தால் பம்பு நின்றுபோகும், அச்சு தானாகத் திறக்காது. பட்டனைத் திருகி விடுவித்து, பம்பை மறுபடி ஓடவிட்டு, மேனுவலில் போட்டு, அப்புறம்தான் திறக்க முடியும். ஒன்பது வருஷம் அந்த மெஷின்களுக்கு நடுவில் நின்றவள் நான். இதை எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. ஃபிட்டர் வந்து திறக்க மூன்று நிமிஷம் ஆகியிருக்கும். அந்த மூன்று நிமிஷமும் அவள் கத்தவில்லை. இன்னொரு கையால் என் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு "அக்கா, அக்கா" என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

அவளுக்கு இரண்டு விரல் போயிற்று. விபத்து அறிக்கை எழுதினார்கள், தொழிலாளர் அரசுக் காப்பீடான இ.எஸ்.ஐ.யில் வேலைக் காயம் என்று பதிவானது, குணமாகும் வரை சம்பளத்தில் 90 சதவீதம் கிடைத்தது. பிறகு மருத்துவக் குழு பார்த்து நிரந்தர ஊனத்துக்கான தொகையும் முடிவு செய்தார்கள். அவளுக்கு வந்தது எதுவும் அதிகமில்லை, விரல்களை இழந்தவள் அவள். நான் எழுத வந்தது என் பக்கத்து விஷயம். அந்த அறிக்கையில் என் பெயர் இல்லை. எனக்கு ஒரு கீறல் கூட இல்லையே.

திங்கட்கிழமை வழக்கம்போல வேலைக்குப் போனேன். மூன்று வாரம் ஓட்டினேன். வீட்டில் குக்கர் ஆவி விடும் சத்தம் கேட்டால் அடுப்பங்கரையை விட்டு வாசலுக்கு வந்துவிடுவேன். வெயிலில் காய்ந்த பிளாஸ்டிக் வாளியின் வாசனை வந்தால் வயிற்றைப் புரட்டும். இரவு இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்து, திருகி, ஓடவிட்டு, திறந்து என்று விரலை மடக்கிக்கொண்டிருப்பேன். என் மகள் ஒன்பதாவது படித்தாள். அவள்தான் அப்பாவிடம், "அம்மா ராத்திரி பட்டன் அமுக்குறாங்கப்பா" என்று சொல்லியிருக்கிறாள். செப்டம்பர் 12-ஆம் தேதி, பாகூரிலிருந்து கம்பெனி வேனில் போகும்போது மரப்பாலம் சிக்னலில் கதவைத் திறந்து இறங்கிவிட்டேன். வேனுக்குள் மூச்சு முட்டியது. அன்றைக்கு நின்றவள், நான்கு மாதம் கழித்துத்தான் திரும்ப உள்ளே போனேன்.

மாமியார் என்னைப் பௌர்ணமிக்குத் திருவக்கரை வக்கிரகாளியம்மன் கோவிலுக்குக் கூட்டிப் போனார். பயந்துவிட்டாள் என்று கயிறு கட்டினார்கள். அதில் எனக்குக் குறை இல்லை. அந்தக் கூட்டத்தில் அத்தை என் கையை விடாமல் பிடித்திருந்தது எனக்கு ஆறுதலாகத்தான் இருந்தது. ஆனால் கோவிலோடு ஆஸ்பத்திரிக்கும் போயாக வேண்டும் என்று என் தம்பி ஒற்றைக் காலில் நின்றான். அவன் பாகூரில் ஜெராக்ஸ், ஆன்லைன் வேலைகள் செய்து கொடுக்கும் கடை வைத்திருக்கிறான். அரசாங்க ஃபாரம் எதையும் பயப்படாமல் படிப்பவன். இந்தக் கதையில் பாதி அவன் செய்தது.

கோரிமேட்டில் ஜிப்மர் மனநலப் பிரிவுக்குப் போனோம். இந்திரா காந்தி சிலை, ராஜீவ் காந்தி சிலை என்று கம்பெனி வேன் போகும் அதே வழி. கண்ணை மூடிக்கொண்டே போனேன். அங்கே டாக்டர் அம்மா முக்கால் மணி நேரம் கேட்டார். கண் முன்னால் கொடுமையைப் பார்த்தவர்களுக்கு வரும் மன அதிர்ச்சி நோய் இது, உங்கள் மேல் இரத்தம் வரவில்லை என்பதால் காயம் இல்லை என்று ஆகாது என்றார். மாத்திரை, வாரம் ஒரு நாள் ஆலோசனை. அந்த வார்த்தையைக் கேட்ட பிறகுதான் அழுகை வந்தது. ஆகஸ்டிலிருந்து அதுவரை அழுததே இல்லை.

இனி பணத்தைப் பற்றி. மனசு உடைந்துபோன குடும்பத்தில் பணக் கணக்கு பேசுவதைச் சிலர் தப்பாக நினைப்பார்கள். எங்கள் வீட்டில் இவர் டெம்போ ஓட்டும் வருமானமும் என் 14,000 ரூபாயும் சேர்ந்துதான் மாதம் ஓடும். வாடகையை நினைத்துக்கொண்டு படுத்தால் எந்த மாத்திரையும் தூக்கம் தராது.

மாதம் 21,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்குபவர்களுக்கு இ.எஸ்.ஐ. உண்டு. நம் சம்பளத்தில் 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25 சதவீதம். நான் அதுவரை அதை ஜுரத்துக்கு மாத்திரை வாங்கும் இடம் என்றுதான் நினைத்திருந்தேன். நோயால் வேலைக்குப் போக முடியாத நாளுக்குச் சம்பளத்தில் 70 சதவீதம், ஓர் ஆண்டில் 91 நாள் வரை பணமாகத் தருவார்கள். அதற்குரிய ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாளாவது பணம் கட்டியிருக்க வேண்டும். மனநோய்க்குக் கிடையாது என்று சட்டத்தில் எங்கும் இல்லை. கம்பெனியில் பலர் என்னிடம் அப்படித்தான் சொன்னார்கள், நானும் நம்பினேன். அது தவறு.

நான் செய்த முதல் பிழை சான்றில். பெரிய ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்ததை நேராகக் கொண்டுபோய் நீட்டினேன். நம் இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரி டாக்டர் தரும் சான்றுதான் வேண்டும் என்று திருப்பி அனுப்பினார்கள். டிஸ்பென்சரிக்குப் போனால் ஒரு நாள் டாக்டர் இல்லை, ஒரு நாள் சீட்டில் என் வயது தப்பு. இப்படியே பத்து நாள் போனது. முதல் சான்று செப்டம்பர் 24-ஆம் தேதி போட்டுத்தான் கிடைத்தது. அதிலும் முதல் இரண்டு நாளுக்குப் பணம் வராது, அது விதி. ஆகவே யாருக்காவது இப்படி ஆனால், வெளி ஆஸ்பத்திரிக்குப் போகும் அன்றைக்கே, முடிந்தால் அதற்கு முன்பே, டிஸ்பென்சரியில் காட்டிவிடுங்கள். அங்கிருந்து சீட்டு வாங்கிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பிறகு ஒவ்வொரு தடவையும் இடைச் சான்று, கடைசியில் வேலைக்குத் தகுதி என்ற இறுதிச் சான்று. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனாலும் அந்த நாளுக்குப் பணம் கிடையாது. தம்பி ஒரு காலண்டரில் சான்று முடியும் தேதிக்கு இரண்டு நாள் முன்பு சிவப்பு வட்டம் போட்டு வைத்தான். என் தலை அப்போது தேதி எதையும் பிடித்து வைக்கிற நிலையில் இல்லை. காயம் பட்டவரே எல்லா ஃபாரத்துக்கும் அலைய வேண்டும் என்று வைத்திருக்கிறார்களே, மன நோயாளிக்கு அதுதான் முடியாத காரியம். வீட்டில் ஒருவர் அதை ஏற்றுக்கொள்ள வேண்டும்.

என் தினச் சம்பளம் 460 ரூபாய் என்று கணக்கானது. நாளுக்கு 322 ரூபாய், வங்கிக் கணக்கில் வந்தது.

அக்டோபரில் கம்பெனியிலிருந்து ஒரு கடிதம். தகவல் இல்லாமல் வேலைக்கு வராததற்கு ஏன் நடவடிக்கை எடுக்கக்கூடாது என்று. தகவலை நான் சூப்பர்வைசரிடம் போனில் சொல்லியிருந்தேன், எழுத்தில் கொடுக்கவில்லை. அந்தக் கடிதத்தைப் பார்த்து இரண்டு நாள் நான் சாப்பிடவில்லை. தம்பி இ.எஸ்.ஐ. சட்டத்தின் 73-ஆம் பிரிவை அச்செடுத்து வந்தான். நோய்க்கால உதவித்தொகை வாங்கும் காலத்தில் ஒரு தொழிலாளியை வேலையை விட்டு நீக்கவோ தண்டிக்கவோ முதலாளிக்கு உரிமை இல்லை என்று அதில் இருந்தது. அந்தப் பிரிவின் எண்ணைக் குறிப்பிட்டு, சண்டை தொனி இல்லாமல் ஒரு பதில், சான்றின் நகலோடு, ஒப்புகை அட்டை வைத்துப் பதிவுத் தபாலில் அனுப்பினோம். அதன் பிறகு ஒவ்வொரு சான்றும் ஹெச்.ஆர். வாட்ஸப்புக்கும் மெயிலுக்கும் அன்றன்றைக்கே போய்விடும். கடிதம் அத்தோடு நின்றது.

அதே மாதம் ஹெச்.ஆர். சார் இன்னொன்றும் சொன்னார். "உனக்கு இ.எல். 22 நாள் இருக்கும்மா, அதைப் போட்டுக்கோ, முழுச் சம்பளம் வந்துடும்." இ.எல். என்றால் சம்பளத்தோடு எடுக்கும் ஈட்டிய விடுப்பு. நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். 322-க்குப் பதில் 460 வருமே என்று எனக்கும் ஆசை. தம்பி வேண்டவே வேண்டாம் என்றான். சம்பளத்தோடு விடுப்பில் இருக்கும் நாளுக்கு இ.எஸ்.ஐ. பணம் தராது. வீட்டில் இருக்க இ.எஸ்.ஐ. பணம் இருக்கிறது, திரும்பப் போகும்போது என்ன இருக்கிறது, அதற்கு வை என்றான். அவன் அன்றைக்கு அதைத் தடுத்திருக்காவிட்டால் நான் இந்த வேலையில் இப்போது இருந்திருக்க மாட்டேன்.

91 நாள் சரியாகக் கிறிஸ்துமஸ் அன்று முடிந்தது. ஜனவரியில் புது வருஷக் கணக்கு தொடங்கும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. ஆறு ஆறு மாதமாக அடுத்தடுத்து வரும் இரண்டு உதவிக் காலங்களுக்குச் சேர்த்துத்தான் 91. எனக்கு அடுத்த கணக்கு 2023 ஜூலையில்தான்.

ஜிப்மர் வரிசையில் ஒரு அண்ணனைச் சந்தித்தேன், வேறொரு கம்பெனிக்காரர். அவருக்கு ஒரு வருஷத்துக்கு மேலாகப் பணம் வந்துகொண்டிருந்தது. 34 நீண்டகால நோய்கள் கொண்ட ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் இருக்கும் நோய் என்றால் 80 சதவீதம், எல்லாம் சேர்த்து இரண்டு ஆண்டு வரை. தொடர்ந்து இரண்டு ஆண்டு இ.எஸ்.ஐ. வேலையில் இருந்திருக்க வேண்டும், நான்கு பங்களிப்புக் காலங்களில் 156 நாளாவது பணம் கட்டியிருக்க வேண்டும். மனநோய்களில் மனச்சிதைவு, இருமுனை மனநோய், வெளிக்காரணம் இல்லாமல் உள்ளிருந்தே வரும் கடும் மனச்சோர்வு, மறதிநோய் ஆகியவை அந்தப் பட்டியலில் உண்டு. கண்ணால் கண்ட விபத்தால் வரும் அதிர்ச்சி நோய் இல்லை. டாக்டர் அம்மாவிடம் கேட்டேன். உங்களுக்கு இருப்பதைத்தான் எழுத முடியும் என்றார். அது சரிதான். வீட்டில் யாருக்காவது பட்டியலில் உள்ள நோய் என்றால், சீட்டில் நோயின் பெயர் சுருக்கெழுத்தில் இல்லாமல் முழுதாக எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். அந்த அண்ணனுக்கு முதலில் வெறும் "பதற்றம், தூக்கமின்மை" என்று எழுதியதால் மூன்று மாதம் இழுத்திருக்கிறது.

வேலைக் காயம் என்று நானும் கேட்டிருக்க முடியாதா என்று பலர் கேட்டார்கள். கேட்டிருந்தால் 90 சதவீதம், நாள் கணக்கு வரம்பும் இல்லை. சட்டத்தில் வேலைக் காயம் என்பதற்கு உடலில் படும் காயம் என்று இல்லை, தொழிலாளிக்கு நேரும் காயம் என்றுதான் இருக்கிறது. ஆனால் அது விபத்தால் வந்தது என்று காட்ட வேண்டும். விபத்து அறிக்கையிலும் முதலுதவிப் பதிவேட்டிலும் என் பெயரே இல்லாமல் நான் எதைக் காட்டுவது? தொழில்நோய்களுக்கென்று அந்தச் சட்டத்தில் மூன்றாவது அட்டவணை ஒன்று இருக்கிறது. ஈய நச்சு, நுரையீரலில் தூசி, இரைச்சலால் காது போவது எல்லாம் அதில் உண்டு. மனம் சார்ந்த ஒன்று கூட இல்லை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2010-இல் திருத்திய தொழில்நோய்ப் பட்டியலில் இந்த அதிர்ச்சி நோய் இடம் பெற்றுவிட்டது. நம் அட்டவணைக்கு அது இன்னும் வந்து சேரவில்லை. எனக்கு அப்போது வழக்குப் போட தெம்பு இல்லை. ஒன்று மட்டும் எல்லோரிடமும் சொல்கிறேன். விபத்து நடந்த அன்றைக்கே, மெஷினை நிறுத்தியவர், தூக்கியவர், துணியால் கட்டியவர் என்று எல்லார் பெயரையும் அறிக்கையில் சாட்சியாகவாவது எழுதச் சொல்லுங்கள். முதலுதவி அறையில் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தாலும் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள்.

பணம் நின்ற அந்த மூன்றரை வாரத்துக்குப் பி.எஃப்., அதாவது வருங்கால வைப்பு நிதி, கை கொடுத்தது. அப்போது இருந்த விதியில் 68-ஜே என்று ஒரு பத்தி. காசநோய், தொழுநோய், பக்கவாதம், புற்றுநோய், இதயநோய் ஆகியவற்றோடு மனப் பாதிப்பும் பெயர் சொல்லியே அதில் இருந்தது. ஆறு மாத அடிப்படைச் சம்பளம் அல்லது நம் பங்குத் தொகை, இரண்டில் எது குறைவோ அதுவரை எடுக்கலாம், திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. நான் 30,000 எடுத்தேன். ஆதாரில் என் முன்னெழுத்து பின்னால், பி.எஃப். கணக்கில் முன்னால். அதைச் சரிசெய்யவே இரண்டு வாரம் ஆனது. உடம்பு நன்றாக இருக்கும்போதே யு.ஏ.என். என்கிற பி.எஃப். எண், ஆதார், வங்கிக் கணக்கு மூன்றிலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

டிசம்பர் கடைசியில் டாக்டர் அம்மா, வேலைக்குத் திரும்ப ஆரம்பிக்கலாம், ஆனால் முழு ஷிஃப்ட் வேண்டாம் என்றார். இந்தக் காயம் வீட்டில் படுத்தே ஆறாது, அந்த இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக நின்றால்தான் ஆறும் என்பது அவர் சொன்னது. முதலில் நான்கு மணி நேரம், மெஷின் ஹாலுக்கு வெளியே. இங்கேதான் கணக்கு இடித்தது. வேலைக்குத் தகுதி என்று சான்று வாங்கினால் இ.எஸ்.ஐ. முடிந்தது. வேலை செய்த நாளுக்கு நோய்க்கால உதவி கிடையாது என்பது சட்டம், அரை நாள் செய்தாலும் அந்த நாள் போய்விடும். அரை நாள் வேலைக்குக் கம்பெனி தருவது 230. எனக்கு 91 நாளும் அப்போது தீர்ந்திருந்தது. தீராமல் இருந்தால் இந்தக் கணக்கு என்னை வீட்டிலேயே உட்கார வைத்திருக்கும். வீட்டில் இருந்தால் 322, எழுந்து போய் அந்த வாசனைக்கு நடுவில் நின்றால் 230. நம் ஏற்பாட்டில் படுத்திருப்பவருக்குப் பணம் இருக்கிறது, முழுதாக எழுந்துவிட்டவருக்குச் சம்பளம் இருக்கிறது. எழுந்திருக்கும் அந்த நடுவேளைக்கு ஒரு பைசா ஒதுக்கவில்லை.

மெல்போர்னில் முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் என் சித்தி மகள் போனில் கேட்டுவிட்டு, "அக்கா, இங்க அந்த நடுவேளைக்குத்தான் பணமே" என்றாள். அவர்கள் இருக்கும் விக்டோரியா மாநிலத்தில் தொழிலாளர் காப்பீடு ஏற்றுக்கொள்ளப்பட்டால் முதல் 13 வாரம் சம்பளத்தில் 95 சதவீதம், பிறகு 80. அரை நாள் வேலைக்குத் திரும்பினால் அந்தச் சம்பளம் போகக் குறைவதில் பெரும்பகுதியைக் காப்பீடு சேர்த்துக் கொடுக்கும். மனக்காயம் என்று விண்ணப்பித்தவருக்கு, முடிவு வரும் வரை காத்திருக்காமல் 13 வாரம் வரை சிகிச்சைச் செலவைத் தருவது 2021 ஜூலையிலிருந்து இருக்கிறது. பழைய இடத்துக்குப் போக முடியாத ஒருவரை வேறொரு முதலாளி எடுத்துக்கொண்டால் அந்த முதலாளிக்குச் சம்பள உதவி கூட உண்டு. அங்கேயும் எல்லாம் சுலபமில்லை. 2024 மார்ச் கடைசியில் சட்டத்தை இறுக்கி, வழக்கமான வேலைப்பளுவால் வரும் மன அழுத்தத்துக்கும் களைப்புக்கும் இனி இல்லை என்று ஆக்கிவிட்டார்கள். கண் முன் நடந்த கொடுமையால் வந்த காயத்துக்கு இன்னும் இருக்கிறது. அதைக் கேட்டபோது எனக்குப் பொறாமை வரவில்லை, தெளிவு வந்தது. எனக்கு வேண்டியது எது என்று அதுவரை எனக்கே சொல்லத் தெரியவில்லை. பாதிச் சம்பளத்துக்கும் முழுச் சம்பளத்துக்கும் நடுவிலுள்ள இந்த 230 ரூபாய், ஏழெட்டு வாரத்துக்கு. அவ்வளவுதான்.

அதை என் 22 நாள் இ.எல். தந்தது. அரை நாள் வேலை, அரை நாள் இ.எல். 22 நாள் என்றால் 44 அரை நாள், வாரம் ஆறு நாள் என்றால் ஏழு வாரத்துக்கு மேல் முழுச் சம்பளம். அரை நாளாக இ.எல். தர வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை, கம்பெனி ஒத்துக்கொள்ள வேண்டும். நானும் இவரும் தம்பியும் மூன்று பேராகப் போய் உட்கார்ந்தோம். டாக்டர் அம்மா கொடுத்த கடிதத்தில் நோயின் பெயரே இல்லை. என்ன வேலை செய்யலாம், எதைச் செய்யக்கூடாது, எத்தனை வாரம், அவ்வளவுதான். நோய் விவரத்தை ரகசியமாக வைத்துக்கொள்ளும் உரிமை 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் நமக்கு உண்டு என்று அவரே சொன்னார். ஹெச்.ஆர். சாருக்கும் அது எளிதாக இருந்தது. "முதல் இரண்டு வாரம் பேக்கிங், காலை 8 முதல் 12 வரை. மூன்றாம் வாரத்திலிருந்து ஒருவர் துணையோடு மோல்டிங் ஹாலில் 15 நிமிஷம்" என்று எழுதியிருந்தால் அதை வேலை அட்டவணையில் போட்டுவிடலாம். "மன உளைச்சல், இலகுவான வேலை தரவும்" என்று எழுதினால் அவர் என்ன செய்வார்?

என் அப்பா ரோடியர் மில்லில் வேலை பார்த்தவர். எட்டு மணி நேர வேலைக்காக 1936 ஜூலை 30-இல் 12 பேர் சுடப்பட்டுச் செத்த ஊர் இது என்று சொல்லிச் சொல்லி எங்களை வளர்த்தார். நான்கு மணி நேரம் கேட்க நான் அந்த அறையில் உட்கார்ந்திருந்தபோது அப்பா நினைவு வந்தது. ஹெச்.ஆர். சார் முதலில் மற்றவர்களும் கேட்பார்களே என்றார். தம்பி, மற்றவர்களும் அவரவர் இ.எல்.லைத்தானே சார் கேட்பார்கள் என்றான். கையெழுத்துப் போட்டார்.

மாற்றுத்திறனாளி சான்று உள்ளவர்களுக்கு வேறு வழிகளும் உண்டு. மனநோய்க்கும் 40 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் சான்று கிடைக்கும், இ.எஸ்.ஐ. வரம்பும் அவர்களுக்கு 25,000. அவர்களை வேலைக்கு எடுக்கும் தனியார் முதலாளியின் பி.எஃப்., இ.எஸ்.ஐ. பங்கை முதல் மூன்று ஆண்டுகளுக்கு அரசே கட்டும் திட்டம் ஒன்று 2008 ஏப்ரலில் மத்திய அரசு தொடங்கியது. எனக்கு அந்த அளவுக்குப் பாதிப்பு இல்லை, அதனால் அந்தப் பக்கம் போகவில்லை.

காணும் பொங்கல் முடிந்த மறுநாள் போனேன். முதல் நாள் பேக்கிங்கில் அட்டைப்பெட்டி மடித்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் அச்சு மூடும் சத்தம் வரும்போதெல்லாம் மடித்த பெட்டியை எண்ணினேன். 12 மணிக்கு வேன் கிடையாது, இரண்டு பஸ் மாறி வீடு வந்து சேர இரண்டு மணியாகும். அந்த பஸ் செலவை நாங்கள் கணக்கில் சேர்க்க மறந்திருந்தோம். இரண்டாம் வாரம் ஒரு நாள் பாதியிலேயே வெளியே வந்துவிட்டேன். ராத்திரி நெஞ்சு அடைத்தபோது 14416-க்குப் போன் செய்தேன், டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண், காசு கிடையாது, தமிழில் பேசினார்கள். விடிந்ததும் திரும்ப வேலைக்குப் போனேன்.

ஐந்தாம் வாரத்தில் ஃபிட்டர் அண்ணனிடம் நானே கேட்டேன். அச்சைத் திறக்கச் சொல்லிக் கொடுங்கள் என்று. அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். சாப்பாட்டு நேரத்தில் ஹால் காலியானதும் அந்த மெஷினுக்கு முன்னால் கூட்டிப் போனார். லிமிட் ஸ்விட்சில் டேப் இல்லை, முதலில் அதைத்தான் பார்த்தேன். ஒரு மரத்துண்டை அச்சுக்கு நடுவில் வைத்து மூடினார். சிவப்பு பட்டனை என்னை அடிக்கச் சொன்னார். கை நடுங்கியது, அடித்தேன். அப்புறம் திருகு, பம்பு, மேனுவல், திற. முதல் தடவை 40 நொடி. மரத்துண்டு கீழே விழுந்தது. ஆறு தடவை செய்தேன். கடைசித் தடவை 11 நொடி என்று அவர் போனில் பார்த்துச் சொன்னார். அன்றைக்கு இரவு என் விரல் மடங்கவில்லை என்று மகள் காலையில் சொன்னாள்.

44 அரை நாளும் மார்ச் நடுவில் முடிந்து, முழு ஷிஃப்டுக்கு வந்தேன். முந்தைய ஆண்டு 240 நாள் வேலை நிறைவாகாததால் புது இ.எல். எதுவும் சேரவில்லை, பழைய 22-தான் இருந்தது, அதுவும் தீர்ந்தது. மாத்திரையை டாக்டர் அம்மா மெல்ல மெல்லக் குறைத்து அடுத்த வருஷம் நிறுத்தினார். அந்தப் பெண் இப்போது எங்கள் ஸ்டோரில் சரக்குக் கணக்கு எழுதுகிறாள், மதியம் ஒன்றாகத்தான் சாப்பிடுகிறோம்.

போன வருஷம் எங்கள் வேன் டிரைவர் கடலூர் சாலையில் ஒரு விபத்துக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தி, ஒரு பையனைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். பையன் பிழைக்கவில்லை. இரண்டு மாதம் கழித்து அவர் வேலைக்குத் திரும்பியபோது, ஹெச்.ஆர். சார் என்னுடைய கடிதத்தையே மாதிரியாக எடுத்து வைத்து அரை நாள் டியூட்டி எழுதிக் கொடுத்தார். வீட்டில் இருந்த முதல் வாரங்களிலேயே அவர் இ.எல்.லை எடுத்துத் தீர்த்திருந்தார். மிச்சம் நான்கு நாள். எட்டு அரை நாள் ஆயிற்று. ஒன்பதாவது நாள் விடிகாலை ஐந்தரை மணிக்கு முழு ஷிஃப்டுக்கு வண்டியை எடுத்தார். மரப்பாலம் சிக்னல் வரும்போதெல்லாம் நான் முன் சீட்டில் உட்கார்ந்து அவரிடம் ஏதாவது பேச்சுக் கொடுத்துக்கொண்டே வருகிறேன்.